எந்தச் சோப்பானாலும் பூனை நக்கத்தான் போகிறது

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டில் ஏழு மாதப் பெர்சியன் பூனை இருக்கிறது. வாங்கிய கடையில் 'வாரம் ஒருமுறை குளிப்பாட்டுங்கள்' என்று சொல்லி அனுப்பினார்கள். குழந்தைக்கு வாங்கும் பேபி சோப்பைத்தான் இதற்கும் போடுகிறேன். இப்போது முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பொடுகு உதிர்கிறது. முடி சிக்குப் பிடிக்கிறது. ஓயாமல் சொறிந்துகொள்கிறது. மாமியார் சீயக்காய் போடச் சொல்கிறார். வீட்டுக்காரர், தண்ணீரில் ரெண்டு மூடி டெட்டால் ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். எதிர் ஃபிளாட்டில் நாய் வளர்ப்பவர் ஓர் உண்ணி சோப்பு கொடுத்திருக்கிறார், இன்னும் பிரிக்கவில்லை. எங்களுக்கு போர் தண்ணீர்தான். பாதுகாப்பான சோப்பு எது என்று ஒரு பெயரைச் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அந்த உண்ணி சோப்பைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள்.

நாய்க்கு விற்கும் உண்ணி சோப்பு, ஷாம்பூ பலவற்றில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று 'மெத்ரின்' என முடியும் மருந்து ஏதாவது ஒன்று இருக்கும். நாயின் உடம்பு அதை உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் கல்லீரலால் அது முடியாது. குளித்த சில மணி நேரத்தில் காது துடிக்கும். ஈரத்தை மிதித்துவிட்ட மாதிரி ஒரு காலை உதறும், சற்று நேரத்தில் அடுத்த காலை. 'குளிருது போல' என்று வீட்டில் துண்டைப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் முகத்துத் தசை வெட்டி இழுக்க ஆரம்பித்து, வலிப்பில் போய் நிற்கும். எங்களிடம் வரும் பூனை விஷக் கேஸ்களில், பெற்ற பிள்ளையைப் போல வளர்ப்பவர்களே தங்கள் கையால் தேய்த்துவிட்டு வருவது இது ஒன்றுதான். வந்ததும் முதலில் கேட்பார்கள்: "நாய்க்குப் போடுறதுதானே சார், அதுவும் பிராணிதானே?" உண்ணிக்கு நாயைக் கழுவும் அமிட்ராஸ் மருந்தும் பூனைக்கு ஆகாது.

இனி உங்கள் கேள்வி. நாம் சோப்பு வாங்கும்போது தோலுக்கு ஆகுமா, முடிக்கு ஆகுமா என்று பார்க்கிறோம். பூனை விஷயத்தில் வயிற்றுக்கு ஆகுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். குளிப்பாட்டித் தரையில் விட்டதும் அது செய்யும் முதல் வேலை, ஒரு மூலையில் உட்கார்ந்து உடம்பு முழுவதையும் நக்குவது. அந்த நாக்கின் முட்கள் எல்லாம் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கும். வாய்க்குள் வந்த முடியைப் பூனையால் சுலபமாகத் துப்ப முடியாது, விழுங்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த முட்களின் நுனி குழிவாக இருக்கிறதாம். எச்சிலை அள்ளி, முடியின் அடிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறதாம். அப்படியென்றால் அடிமுடியில் நீங்கள் அலசாமல் விட்ட சோப்பும் அதே வழியாகத் திரும்பி வாய்க்கு வரும்.

வயிற்றுக்குப் போனால் என்ன, கொஞ்சம்தானே என்று கேட்கலாம். அங்கேதான் பூனையின் கல்லீரல் குறுக்கே நிற்கிறது. பீனால் வகைப் பொருட்களை ஒரு சர்க்கரை அமிலத்தோடு ஒட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடும் நொதி ஒன்று நம் கல்லீரலில் இருக்கிறது. பூனையில் அந்த நொதிக்கான மரபணு பழுதாகிக் கிடக்கிறது. வீட்டுப் பூனைக்கு மட்டும் வந்த குறை இல்லை, சிங்கம் புலி வரைக்கும் அந்தக் குடும்பத்துக்கே உள்ளது. தலைமுறை தலைமுறையாக இறைச்சி மட்டுமே தின்று வந்ததால், இலை தழைகளில் இருக்கும் நஞ்சை முறிக்கும் வேலையே அந்த உடம்புக்கு வரவில்லை என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம். நமக்குச் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால், ஒன்றே ஒன்று போதும் பூனையைக் கொல்ல. காரணம் இதே குறைதான்.

இப்போது டெட்டாலுக்கு வாருங்கள். அதில் இருப்பது குளோரோசைலினால், கூடவே பைன் எண்ணெய். முதலாவது பீனால் வகை. இரண்டாவதும் பூனைக்கு ஆகாது. ரெண்டு மூடி வேண்டாம், ரெண்டு சொட்டும் வேண்டாம். சரி, சாவ்லான்? அதில் செட்ரிமைடு இருக்கிறது. அந்த வகைப் பொருளை நக்கிய பூனைக்கு நாக்கும் அண்ணமும் புண்ணாகி, எச்சில் ஒழுகி, நாலு நாள் சோறு தண்ணீர் இறங்காமல் கிடக்கும். வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: பூனை இருக்கும் வீட்டில் தரை துடைக்கும் ஃபினாயிலையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும். ஈரத் தரையில் நடந்த பாதத்தையும் அது நக்கும்.

மாமியார் சொல்லும் சீயக்காய் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் நான் சரி என்று சொல்ல மாட்டேன். அதில் நுரைப்பது சப்போனின். நக்கினால் எச்சில் வடியும், வாந்தி வரும். தூள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எண்ணெய்க் குளியல் பழகிய யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நாமாவது கண்ணை மூடிக்கொள்வோம். பூந்திக்கொட்டைக்கும் இதே பதில். பயத்தமாவும் கடலைமாவும் விஷமில்லை, பெர்சியனின் அடிமுடியிலிருந்து அலசி எடுப்பது மட்டும் நடக்காத காரியம். வேப்பெண்ணெய், நீலகிரித் தைலம், தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சியது, டீ ட்ரீ ஆயில், ஆரஞ்சு எலுமிச்சைத் தோல் எண்ணெய் என்று 'இயற்கை' வரிசையில் வரும் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். 'கெமிக்கல் இல்லை, ஹெர்பல்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் நாம் மனம் இளகிவிடுகிறோம். பூனையின் கல்லீரல் திணறுவது பெரும்பாலும் செடிகொடிகளிலிருந்து வரும் சரக்கில்தான். தொட்டியிலிருந்து ஒடித்த சோற்றுக்கற்றாழையும் அப்படித்தான்: உள்ளே இருக்கும் ஜெல்லில் பெரிய பயமில்லை, தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால் வாந்தியும் கழிச்சலும் கொண்டுவரும்.

இத்தனையிலும் நீங்கள் செய்தது குறைந்த பாவம். ஆனால் பொடுகுக்குக் காரணம் அநேகமாக அந்த பேபி சோப்புதான். பேபி என்று போட்டிருந்தாலும் கட்டிச் சோப்பு பெரும்பாலும் சோப்பேதான்: கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துச் செய்தது. அதன் பி.எச். 9, 10 என்று இருக்கும். பூனைத் தோல் 7க்குச் சற்றுக் கீழே நிற்பது. வாராவாரம் காரத்தைத் தேய்த்தால் தோலின் எண்ணெய் போய், உலர்ந்து, உதிரத்தான் செய்யும். சிலர் டி.எஃப்.எம். 76 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, முதல் தரம் என்று அட்டையைக் காட்டுவார்கள். அந்த எண் சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்று சொல்வது. காரம் எவ்வளவு, வாசனைக்கு என்ன சேர்த்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரியாது.

போர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல வேளை, எழுதினீர்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது. உங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். கட்டிச் சோப்பு அதோடு சேர்ந்தால் கரையாத வெள்ளைப் படிவு உண்டாகும். குளிப்பாட்டி முடித்ததும் பக்கெட்டின் உள்விளிம்பை விரலால் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுவென்று மாவு மாதிரி ஒட்டும். எத்தனை மக் ஊற்றினாலும் அது முடியை விட்டுப் போகாது. சிக்கு விழுவதும் அதனால்தான், நக்கும்போது உள்ளே போவதும் அதுதான். ஷாம்பூவில் இருக்கும் நுரைப்பொருள் வேறு வகை; உப்புத் தண்ணீரில் இந்தப் படிவைத் தராது. ஆகவே கட்டிச் சோப்பு எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம், திரவ ஷாம்பூவுக்கு மாறுங்கள். கடைசி இரண்டு மூன்று மக் மட்டும் கேன் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடாதீர்கள், போர் தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம்.

பெயர் கேட்டீர்கள், சொல்லப் போவதில்லை. ஒரே கம்பெனி ஒரே பெயரில், ஒரே நிறப் பாட்டிலில் நாய்க்கு ஒன்றும் பூனைக்கு ஒன்றும் விற்கிறது. அவசரத்தில் கடைக்காரரே மாற்றி எடுத்துத் தருகிறார். பெயரைவிடப் பாட்டிலின் பின்பக்கம் முக்கியம். 'பூனைக்கு' அல்லது 'நாய், பூனை இரண்டுக்கும்' என்று எழுத்தில் இருக்க வேண்டும். பூனைப் படம் மட்டும் போதாது. எத்தனை மாதக் குட்டியிலிருந்து போடலாம் என்று இருந்தால் இன்னும் நல்லது. பொருள் பட்டியலே இல்லாத பாட்டிலை அங்கேயே வைத்துவிடுங்கள். கோகமிடோப்ரொபைல் பீட்டைன், டெசைல் குளுக்கோசைடு, சோடியம் கோகாயில் ஐசெதயனேட் மாதிரி பெயர்கள் தெரிந்தால் மென்மையான நுரைப்பொருள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஓட்ஸ் சேர்த்தது நல்லது. மூடியைத் திறந்ததும் மல்லிகை, லாவெண்டர் என்று கமகமத்தால் மூடி வைத்துவிடுங்கள். அந்த வாசனை நமக்காகச் சேர்த்தது. மனிதர்களின் பொடுகு ஷாம்பூ பக்கமே போகக் கூடாது. கோல் டார், செலினியம் சல்ஃபைடு, சாலிசிலிக் அமிலம், மூன்றும் பூனைக்கு ஆகாது. ஒன்றும் கிடைக்காத ஊரில், அவசரத்துக்கு ஒரே ஒருமுறை, வாசனை குறைந்த குழந்தை ஷாம்பூவை நிறையத் தண்ணீரில் கலந்து போடலாம். அதையே வழக்கமாக்க வேண்டாம்.

வாரம் ஒருமுறை என்று கடையில் சொன்னது வியாபாரப் பேச்சு. நாட்டுப்பூனைக்கு வாழ்நாள் முழுக்கக் குளியலே தேவைப்படாமல் போகலாம். பெர்சியனுக்கு நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை ஏராளம். அதற்குத் தினமும் தேவைப்படுவது சீப்பு. சிக்கு எடுக்காமல் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சிக்கு இறுகிக் கட்டியாகிவிடும், அப்புறம் கத்தரிதான். வாலடியில் எண்ணெய் வழிந்தால் கொஞ்சம் சோள மாவைத் தூவிச் சீவி எடுத்தாலே போதும், முகத்தில் படாமல் தூவுங்கள்.

குளிப்பாட்டும் நாளில்: டப்பில் ஒரு பழைய துண்டை விரியுங்கள், கால் வழுக்கினால்தான் பூனை பிறாண்டும். தண்ணீர் உங்கள் முழங்கையில் பட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. வயிறு வரை நனைந்தால் போதும். ஷாம்பூவை நேராக ஊற்றாமல் ஒரு மக் தண்ணீரில் கலக்கித் தடவுங்கள். முகத்துக்கு ஈரத்துணி மட்டும். குளித்ததைவிடத் துவட்டுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் புழுக்கத்தில் மேல்முடி காய்ந்த மாதிரி இருக்கும், பிரித்துப் பார்த்தால் அடியில் ஈரம் நிற்கும். படர்தாமரைப் பூஞ்சைக்கு அந்த இடம் சொர்க்கம்.

அதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெர்சியன்களிடம் படர்தாமரை அதிகம், வெளியே தெரியாமலும் இருக்கும். நடக்கும் பொடுகு என்று ஒன்றும் உண்டு, அது ஒரு வகைச் சிலந்திப்பேன். சீவும்போது விழும் பொடுகை ஒரு கறுப்புத் தாளில் தட்டி, சற்று நேரம் உற்றுப் பாருங்கள். நகர்ந்தால் அது பொடுகு இல்லை, அந்தப் பேன்; மருத்துவரிடம் காட்டுங்கள். நகராவிட்டால், சோப்பை நிறுத்தி இரண்டு வாரம் பொறுங்கள். குறையவில்லை என்றாலோ, முடி வட்டமாகக் கொட்டினாலோ, வீட்டில் யாருக்காவது கையில் வட்ட வட்டமாகத் தடிப்பு வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். படர்தாமரைக்கு மருந்து ஷாம்பூவே தனி: குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் சேர்ந்தது, தடவிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும், கூடவே உள்ளுக்கும் மருந்து வேண்டும். கடையில் நீங்களாக வாங்கிப் போடும் சரக்கில்லை. உங்களுக்கு வந்த தடிப்பைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் படர்தாமரையை மறைக்கும், போக்காது.

கேள்வி: மாடியில் ஒரு தெருப்பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. மூன்று வாரம் இருக்கும். குட்டிகள் மேல் தெள்ளுப்பூச்சி மொய்க்கிறது. எந்தச் சோப்பு போட்டால் சாகும்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பூச்சி சாகிற சோப்பில் குட்டியும் சாகும். இந்த வயதுக்கு மருந்துச் சோப்பு எதுவும் கிடையாது. பேன் சீப்பு ஒன்று வாங்குங்கள். ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் இரண்டு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவமும் கலந்து பக்கத்தில் வையுங்கள். குட்டியைச் சீவி, சீப்பை உடனே கிண்ணத்தில் முக்குங்கள். சோப்புத் தண்ணீரில் தெள்ளுப்பூச்சி மிதக்க முடியாமல் மூழ்கிவிடும். வெறும் தண்ணீர் என்றால் தாவி வெளியே வந்துவிடும். தினமும் இரண்டு வேளை சீவினால் நாலைந்து நாளில் அடங்கும்.

பூச்சி அளவுக்கு மீறி இருந்தால் மட்டும் குளியல். அதற்குக் கிண்ணத்துத் தண்ணீர் வேண்டாம். இளஞ்சூட்டு வெந்நீரில் குழந்தை ஷாம்பூ ஒரு சொட்டுப் போதும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போடுங்கள். உடம்பை முதலில் நனைத்தால் பூச்சியெல்லாம் தலைக்கு ஓடி, காதுக்குள்ளும் கண் ஓரத்திலும் ஒளிந்துகொள்ளும். ஒரு குட்டியைக் குளிப்பாட்டி, முழுக்கக் காயவைத்துத் துணியில் சுற்றிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். இந்த வயதில் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. குளிர்ந்து போனால் பாலும் குடிக்காது.

ஈறைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் பூச்சி ரத்தத்தை உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி அதிக தூரமில்லை. கழுத்தில் சொட்டுவிடும் ஃபிப்ரோனில் மாதிரி மருந்துகளைப் பூனைக்கென்று உள்ள பாக்கெட்டில், எட்டு வாரம் ஆனபின், எடை பார்த்துத்தான் போடுவோம். தாய் நெருங்க விட்டால் அதற்கும் மருந்து வேண்டும். குட்டி படுக்கும் சாக்கை எடுத்து வெந்நீரில் போடுங்கள். பூச்சியின் முட்டையும் புழுவும் குட்டி மேல் இருப்பதைவிட அந்தச் சாக்கில்தான் அதிகம்.

கேள்வி: எலிக்கு வைத்த பசை அட்டையில் எங்கள் பூனை உருண்டுவிட்டது. பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொல்கிறார்கள். சோப்பு போட்டால் போகுமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் கூடாது. தோல் வெந்துவிடும். நக்கினால், அதன் ஆவியும் துளியும் நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சலில் கொண்டுவிடும். வெறும் சோப்பும் பசையைக் கரைக்காது.

சமையல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பசை உள்ள இடத்தை விரலால் பிசையுங்கள். பசை எண்ணெயில் இளகும். மாவு தூவித் துணியால் வழித்தெடுங்கள், மறுபடி எண்ணெய், மறுபடி மாவு. எவ்வளவு சிக்கினாலும் பிய்த்து இழுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். தோலை ஒட்டிய கட்டி என்றால் கத்தரியை எடுக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். பசை போனபின் மிஞ்சுவது எண்ணெய். அதற்குத்தான் பாத்திரம் தேய்க்கும் திரவம்; தண்ணீரில் கலந்து ஒருமுறை, பிறகு நுரை போகும்வரை அலச வேண்டும். எண்ணெய்க் கசிவில் சிக்கும் கடற்பறவைகளைக் கழுவ உலகெங்கும் இதைத்தான் எடுக்கிறார்கள். எண்ணூரில் 2023 டிசம்பரில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்கள் கறுத்துப் போய் நின்ற படங்கள் உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்தத் திரவம் எண்ணெயை அப்படி உரித்தெடுப்பதால்தான் அதைச் சாதாரணக் குளியலுக்குத் தொடக் கூடாது என்கிறேன். நாய்ச் சோப்பு போட்டு உதறல் கண்ட பூனைக்கும் முதல் உதவி இதே திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும்தான். கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், ஐஸ் தண்ணீரும் வேண்டாம். வலிப்பு தொடங்கிவிட்டால் கழுவிக்கொண்டு நிற்காமல் வண்டியைக் கூப்பிடுங்கள். சோப்பின் உறையையும் கையோடு எடுத்து வாருங்கள்.

கழுவி முடியும்வரை நக்கவிடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைப் படிப்பதற்குள் மண்ணெண்ணெய் போட்டாயிற்று என்றால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி எடுத்தால்தான் அது நுரையீரலுக்குள் போகும். மூச்சு வேகமாக வாங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.